சகினா டீச்சரின் சிவப்புக் கட்டம்

சகினா டீச்சரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், என்னிடம் பதில் இருக்கிறது. பதினான்கு வருடமாக அவருடைய மாடிப்படி என் கடை வாசலில்தான் இறங்குகிறது. மயிலாப்பூர் கச்சேரி சாலையில் கீழே என் ஜெராக்ஸ் கடை, மேலே அவருடைய தட்டச்சுப் பயிலகம். அவர் யாரைத் திட்டினாலும் முதலில் என் காதில்தான் விழும்.

தவிர, அவர் என் பிழைப்பில் மண்ணைப் போட்டவர். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பயிலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அரசு வேலைக்காக குரூப் நான்கு தேர்வு எழுதுகிறவர்கள். அதில் தமிழுக்கு மட்டும் நூறு கேள்வி. தமிழில் சறுக்கினால் மற்றதெல்லாம் எழுதியும் பிரயோஜனமில்லை. அதனால் டீச்சர் மாலை ஆறு மணிக்குத் தமிழ் வகுப்பும் எடுக்க ஆரம்பித்தார். வாரம் ஒரு மாதிரித் தேர்வு. கேள்வித்தாளை நகலெடுப்பது நான். வாரா வாரம் கட்டுக்கட்டாகக் காகிதம் மாடியேறியது. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

சந்தோஷமில்லாதவர் டீச்சர். இருபது, இருபத்தைந்து பேருடைய தாளைத் திருத்தி முடிக்க அவருக்கு ஒரு வாரம் ஆகும். ஒருநாள் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்:

"ஒரு வாரம் கழிச்சு 'இது தப்பு'னு சொன்னா, அந்தத் தப்பு அதுக்குள்ள அவங்க மண்டையில பாய் விரிச்சுப் படுத்துடுது சார். எழுதின கை எடுக்கறதுக்குள்ள சொல்லணும்."

"அது மனுஷாளால ஆகற காரியமா?" என்றேன்.

"மனுஷங்கள யார் கேட்டாங்க?" என்றார்.

அவர் பயிலகம் எடுப்பதற்கு முன்னால் தி. நகரில் ஒரு பாத்திரக் கடையின் ஸ்டாக் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். அங்கே கம்ப்யூட்டரில் எக்செல் தாள் ஒன்று இருந்ததாம். அலமாரியில் குக்கர் பத்துக்குக் கீழே குறைந்தால் அந்தக் கட்டம் தானாகச் சிவப்பாகிவிடும். குக்கர் குறைந்தால் சிவக்கிற கட்டம், விடை தப்பானால் சிவக்காதா? இதுதான் டீச்சருடைய கணக்கு. பன்னிரண்டு டைப்ரைட்டர்களில் பதினொன்றைப் பழைய இரும்புக்குப் போட்டார். ஒரு பெருமூச்சுகூட விடவில்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த இடத்தில் செகண்ட் ஹாண்ட் கம்ப்யூட்டர் எட்டு வந்து உட்கார்ந்தன. மூன்று ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். நான்காவது ஞாயிறு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

திரையில் கேள்வி. பக்கத்தில் காலிக் கட்டம். விடையை அடித்து என்டர் தட்டினேன். கட்டம் பச்சையானது. அடுத்ததில் வேண்டுமென்றே பெயரெச்சத்துக்குப் பதில் வினையெச்சம் என்று அடித்தேன். கட்டம் சிவந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு வரி வந்தது: 'அடுத்து வரும் சொல்லைப் பார், தாயே. அது பெயரா, வினையா?'

அசல் சகினா டீச்சர் குரல். அதுதான் அந்தத் தாளின் விசேஷம். எந்தக் கேள்விக்கு எந்தெந்தத் தப்பு வரும் என்று அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு தப்புக்கும் தனியாக ஒரு வரி எழுதி வைத்திருந்தார். யாரும் எதிர்பாராத தப்பு வந்தால் மட்டும் பொதுவாக, 'தவறு. கண்ணைத் திறந்து மறுபடி படி.' பொருந்தாச் சொல்லைக் கண்டுபிடிப்பது மாதிரிக் கேள்வி தவிர, நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வேலையே கிடையாது. தேர்வில் அப்படித்தான் வரும் என்றாலும், இங்கே சொந்தமாக அடிக்க வேண்டும்.

"நாலுல ஒண்ணைத் தொடறது குலுக்கல் சீட்டு" என்பார்.

எல்லாவற்றையும் கூகுள் ஷீட்டில் ஏற்றினார். ஆளுக்கொரு தாள். முதல் பக்கத்தில் எல்லோருடைய பெயரும், எத்தனை பச்சை, எத்தனை சிவப்பு என்ற கணக்கும். சிவப்பு பத்தைத் தாண்டினால் பெயருக்கு நேரேயும் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. வகுப்பு சூடு பிடித்துவிட்டது. என் காகித வியாபாரம் படுத்துவிட்டது. இருந்தாலும் நான் பெருந்தன்மையானவன். கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவன் வேறு, ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நிற்பதால் யாரும் நம்புவதில்லை. நாற்பது கேள்விகளை, திட்டு வரிகளோடு சேர்த்து, நானே எழுதிக் கொடுத்தேன். ஹோட்டல் பலகையில் படித்த மீன் பெயர்களை வைத்துக்கூட ஒரு கேள்வி போட்டேன். டீச்சர் ஒரு எழுத்து மாற்றாமல் ஏற்றிக்கொண்டார்.

ஜெனிதா வந்தது அதற்கப்புறம். பட்டினப்பாக்கத்துக்காரி. காலையில் லூப் ரோடு மார்க்கெட்டில் மீன் விற்பாள். மதியம் வீட்டு வேலை, மாலையில் வகுப்பு. மற்ற இருபத்திரண்டு பேரும் பயிலகத்திலேயே தட்டச்சு படித்தவர்கள், காலையில் வந்து கம்ப்யூட்டரில் பயிற்சி செய்வார்கள். இவளுக்குத் தட்டச்சும் தெரியாது, காலையில் நேரமும் கிடையாது. அதனால் போனில்தான் விடை அடிப்பாள். அவளுக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இதுதான் கடைசித் தேர்வு.

முதல் நாள் அவள் அடித்த முதல் விடையே சிவப்பு. வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"எங்க கடையில சிவப்புதான் டீச்சர் நல்லது. செவுள் சிவப்பா கீதா, மீனு புதுசு. வெளுத்துப் போச்சுன்னாதான் தூக்கிக் கடாசணும்."

கீழே இருந்த எனக்கே சிரிப்பு வந்தது. டீச்சர் சிரித்த சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

ஐந்து வாரம் போயிற்று. தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது ஒரு மதியம் ஜெனிதா கடைக்கு வந்து போனை நீட்டினாள்.

"மாமா, இத்த பிரிண்ட் போட்டுக் குடு. எனக்கு எதெது சிவப்போ அது மட்டும்."

"கலரா, கருப்பு வெள்ளையா?"

"கலரு இன்னாத்துக்கு? எல்லாமே ஒரே கலருதான."

கருப்பு வெள்ளையில் போட்டேன். அறுபத்திரண்டு கேள்வி. மெஷினிலிருந்து வெளியே வந்த பக்கத்தைப் பழக்கதோஷத்தில் படித்தேன். 'மீனவர், உழவர், செவிலியர் – இவை எத்திணை?' என்று கேள்வி. உயர்திணை என்று அவள் விடை. அதற்குப் பக்கத்தில் 'தவறு. கண்ணைத் திறந்து மறுபடி படி.'

"சரியாத்தானேம்மா எழுதியிருக்கே?"

"சரினா ஏன் சிவப்பு வர்து? நாலு தபா போட்டுப் பாத்தேன். மீனவர் உயர்திணை இல்லியாம் மாமா. அப்பால அஃறிணைனு கூட போட்டேன். அதுக்குத் தனியா ஒரு திட்டு வந்துச்சு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "புக்குல பாத்தா நான் எழுதினதுதான் கீது. டீச்சர் ஷீட்டு வேற சொல்லுது. எனக்கு எது சரி, எது தப்புனே இப்போ தெரியல. தெரிஞ்சதும் மறந்துக்கினே போவுது."

"டீச்சரைக் கேக்கறதுதானே?"

"இன்னானு கேக்கறது? முதல் பக்கத்துல எல்லாரும் பச்சை. நான் ஒருத்திதான் சிவப்பு. ஷீட்டு என்ன என்னைப் பாத்தா தப்புனு சொல்லும்?" தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "விடு மாமா. அடையார்ல ஒரு அப்பார்ட்மெண்ட்ல ஹவுஸ்கீப்பிங் வேலை சொல்லிக்கீறாங்க. ஒண்ணாந்தேதிலேந்து. காலைல போனா ராத்திரிதான். பரீச்சைக்குப் போவல. டீச்சர்கிட்ட நீயே சொல்லிடு."

அவள் போய்விட்டாள். நான் இன்னொரு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு மாடியேறினேன். மணி மூன்று, டீச்சர் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அசையவில்லை.

"ஷீட் ஆளைப் பாத்து மார்க் போடாது சார். எழுதினது தப்புனா தப்பு."

"உங்க கையாலே ஒரு தரம் திருத்துங்கோ. பேனா இருக்கோல்லியோ?"

என்னை முறைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் விடைக்கு டிக் போட்டார். இரண்டாவதற்கும் டிக். மூன்றாவதில் பேனா கொஞ்சம் நின்றது, பிறகு டிக். உயர்திணைக்கு வந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்கும் டிக். கடைசியில் அறுபத்தோரு டிக் ஆயிற்று. ஒன்றே ஒன்று மிச்சம். அது நான் எழுதிக் கொடுத்த மீன் கேள்வி.

"அது நெஜமாவே தப்புதான் டீச்சர்" என்று நானே சாட்சி சொன்னேன். அதற்கு மட்டும் பெருக்கல் குறி போட்டார்.

டீ ஆறிப்போயிற்று. டீச்சர் எழுந்து கம்ப்யூட்டரில் 'உயர்திணை' என்று அடித்தார். பச்சை. தன் போனை எடுத்து அதே கட்டத்தில் அதே சொல்லை அடித்தார். சிவப்பு. இரண்டையும் மேலும் கீழுமாக வைத்தார். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், அப்போதும் ஒன்றுதான்.

"எல்லாத்துலயும் ர் இருக்கு சார்" என்றார் திடீரென்று. "பெயர்ச்சொல், எதிர்மறை, தொடர், உயர்திணை. ர் இல்லாதது எல்லாம் இவளுக்குப் பச்சைதான்."

போனில் அடித்த சொல்லில் ர்-க்குப் பின்னால் போய் ஒரு தடவை அழித்தார். புள்ளி மட்டும் போயிற்று. காலைச் சாய்த்துக்கொண்டு ர நின்றது. கம்ப்யூட்டரில் அடித்ததிலும் அதேபோல் ஒரு தடவை அழித்தார். அங்கேயும் புள்ளி போயிற்று. ஆனால் அங்கே நின்றது ர இல்லை. 'கா'வுக்கும் 'மா'வுக்கும் போடுகிற வெறும் துணைக்கால்.

டைப்ரைட்டரில் தமிழ் படித்தவர்களுக்கு இது கைப்பழக்கம். புள்ளி வைத்த ர்-க்கு அச்சில் வால் கிடையாது. துணைக்காலை அடித்து மேலே புள்ளி வைத்தால் பார்வைக்கு அதேதான். காகிதத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. டீச்சர் அப்படித்தான் படித்தார், அப்படித்தான் இருபத்திரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தார், விடைகளையும் அப்படியேதான் ஏற்றி வைத்தார். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது வேறு எழுத்து, இது வேறு எழுத்து. ர்-ஐ ர்-ஆக அடித்தவள் தட்டச்சு தெரியாத ஜெனிதா ஒருத்திதான். சரியாக எழுதிய ஒருத்திக்குத்தான் ஐந்து வாரமாகச் சிவப்பு.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.  எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே கொஞ்சம் கோபமும் இருந்தது. அந்தப் பெண் ஒரு தடவை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கவிடாத அளவுக்கு இவர் தாள் கெத்தாக இருந்திருக்கிறது.

"கண்ணைத் திறந்து படினு எழுதி வெச்சேனே சார்" என்றார். "யாருக்கு எழுதினேன் பாருங்க."

ஜெனிதாவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மூன்று தடவை போட்டார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தான் ஏற்றி வைத்த விடைகளில் இருந்த துணைக்கால்-புள்ளியை எல்லாம் ஒரே கட்டளையில் ர்-ஆக மாற்றினார். முதல் பக்கத்தைத் திறந்தார். ஜெனிதா பெயருக்கு நேரே பச்சை. மற்ற இருபத்திரண்டு பேரும் சிவப்பு.

"இப்படியே இருக்கட்டும். ஆறு மணி வரைக்கும்" என்றார்.

ஆறு மணிக்கு வகுப்பே அலறியது. தமிழ்மொழி என்ற பெண், எப்போதும் முதல் மார்க், "டீச்சர், ஷீட்டு கெட்டுப்போச்சு!" என்று கத்தினாள்.

"ஷீட்டு இன்னிக்குத்தான் சரியாச்சு" என்றார் டீச்சர். "கெட்டது நான். உங்க எல்லாருக்கும் ர் தப்பா சொல்லிக் குடுத்திருக்கேன். சரியா அடிச்ச பொண்ணை அஞ்சு வாரமா தப்புனு சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். இந்தச் சிவப்பை ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துக்கிட்டு இருங்க. அவ அஞ்சு வாரம் பாத்தா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் எண்ணினார். அதற்கப்புறம்தான், எப்படி அடித்தாலும் ர் என்றே எடுத்துக்கொள்ளும்படி ஃபார்முலாவில் ஒரு வார்த்தை சேர்த்தார். பச்சை திரும்ப வந்தது. கூடவே ஒரு புது வரி: 'விடை சரி. ர் மட்டும் தப்பு. அது உன் தப்பு இல்லை, என் தப்பு.'

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டார். லூப் ரோடு மார்க்கெட் வாசலில் நான் வெளியேயே நிற்கப் பார்த்தேன். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக யாரும் மீன் மார்க்கெட்டுக்குள் போனதில்லை. டீச்சர் விடவில்லை.

"வாங்க சார். நாற்பது கேள்வி உங்களோடதும்தானே?"

ஜெனிதா தட்டு நிறைய மீனை அடுக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. போனைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டி, ர் கதையைச் சொல்லி, "தப்பு என்னோடது ஜெனிதா. அறுபத்தோரு விடையும் நீ எழுதினதுதான் சரி" என்றார்.

ஜெனிதா போனை வாங்கித் தன் பெயர் மேல் விரலை வைத்தாள்.

"அப்போ மீனவர்?"

"உயர்திணை."

"இத்தினி நாளா என்னை லூசாக்கிட்டீங்களே டீச்சர்!" என்று கத்தினாள். பக்கத்துக் கடைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். "தெரிஞ்சதெல்லாம் தெரியாதுனு மாத்தி மாத்திப் படிச்சேன். எங்கம்மாகிட்ட எனக்கு மூளை இல்லம்மானு சொல்லி அழுதேன்." கண்ணீர் வந்தது, ஈரக் கையால் துடைத்தாள். செதில் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

டீச்சர் சமாதானம் சொல்லவில்லை. நின்று கேட்டுக்கொண்டார். கடைசியில், "இன்னும் பதினேழு நாள் இருக்கு. வா" என்று மட்டும் சொன்னார்.

"வர்றேன். ஆனா ஒண்ணு. உங்க ஷீட்டு எங்களை மட்டும்தான் தப்புனு சொல்லுது. நாங்க அத்த தப்புனு சொல்ல ஒரு கட்டம் கூட இல்ல. அது வேணும்."

டீச்சர் அங்கேயே, மீன் தண்ணீரில் நின்றபடி, போனில் எல்லோருடைய தாளிலும் கடைசியாக ஒரு பத்தி சேர்த்தார். மேலே 'டீச்சரே, பாருங்க' என்று தலைப்பு. கீழே கேள்விக்கு ஒரு டிக் கட்டம். 

ஜெனிதா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள். நேராக அறுபத்திரண்டாவது சிவப்புக்குப் போனாள். டிக் போட்டாள்.

"அது ஒண்ணு மட்டும் நெஜமாவே தப்பும்மா" என்றேன் நான், பொறுப்பாக.

அவள் கேள்வியைச் சத்தமாகப் படித்தாள்: "'பொருந்தாச் சொல்லைக் கண்டறிக: வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கெண்டை.' நான் இன்னா போட்டேன்? கெண்டை. சிவப்பு."

"வவ்வால்தானேம்மா விடை? மத்ததெல்லாம் மீன்."

ஜெனிதா என்னைப் பார்த்தாள். டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அய்யோ சார், பெருநாளைக்குப் பெருநாள் வாங்கி வறுக்கறேன், எனக்கே தோணலயே!" என்றார். எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஜெனிதா குனிந்து, தட்டிலிருந்து வட்டமாக, தட்டையாக, வெள்ளி மாதிரி மின்னுகிற மீன் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கி என் மூக்குக்கு நேரே காட்டினாள்.

"இதான் மாமா வவ்வாலு. கடல் மீனு. வஞ்சிரம் கடலு, சங்கரா கடலு. கெண்டைதான் ஏரி மீனு. பொருந்தாதது எது?"

நான் ஒரு அடி பின்வாங்கினேன். "எங்காத்துல இதெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"இரு மாமா, முடிக்கல. கெண்டைனு போட்டா ஷீட்டு ஒரு வரி சொல்லுது. யாரு எழுதினதுனு தெரியல." என்னைப் பார்த்துக்கொண்டே படித்தாள்: "'கெண்டையும் மீன்தான் தாயே. மீன் கடைப் பக்கம் போனதே இல்லையா?'"

அந்த வரி நான் எழுதியது. அதை எழுதியபோது எனக்குள் நான் சிரித்துக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பக்கத்துக் கடை வரைக்கும் சிரிப்பு போயிற்று. டீச்சர் சிரித்தது கச்சேரி சாலைக்கே கேட்டிருக்கும். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் ஜெனிதா சிரித்துவிட்டாள் என்பதில் மனசு லேசானது.

"ஆறு மணிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு மீனைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

வந்தாள். அடையார் வேலைக்குப் போகவில்லை. தேர்வு எழுதினாள். இப்போது தேனாம்பேட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். 'டீச்சரே, பாருங்க' பத்தி இன்னும் இருக்கிறது. வாரத்துக்கு நாலைந்து டிக் விழுகிறது, அதில் ஒன்றிரண்டு நிஜமாகவே டீச்சர் தப்பு. அப்போது முதல் பக்கத்தில் தன் பெயருக்கு நேரே ஒரு கட்டம் சிவக்கும்படியும் ஃபார்முலா போட்டு வைத்திருக்கிறார்.

எனக்கு மறக்காதது வேலை கிடைத்த நாள் இல்லை. தேர்வாணையம் விடைக்குறிப்பு வெளியிட்ட நாள். ஜெனிதா என் கடையில் பிரிண்ட் எடுத்து, நின்றபடியே ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். தமிழில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. நான் கை கொடுக்கப் போனேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. மூன்று கேள்விகளைப் பேனாவால் வட்டமிட்டு, "இந்த மூணும் எப்படித் தப்பாவும்? டீச்சர்!" என்று கூப்பிட்டுக்கொண்டே மாடிப்படி ஏறினாள்.